ஜப்பான் கிராமங்களுக்கு குரூப் டூர்: முன்பணம் கட்டுவதிலிருந்து கடைசி நாள் சூட்கேஸ் வரை

கைடுடன் எட்டு முதல் பதினான்கு பேர் போகும் சிறிய குரூப் டூரில் முதல்முறையாகச் சேர்கிறவர்களுக்கான வழிகாட்டி இது. நகோயாவில் தொடங்கி, கிசோ பள்ளத்தாக்கின் மகோமே, சுமாகோ, பிறகு தகயாமா, ஷிராகவாகோ, கனசாவா என்று போய்க் கியோத்தோவில் முடியும் எட்டு, ஒன்பது நாள் பயணத்தை மாதிரியாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். வேறு மலைப்பகுதிக்குப் போனாலும் வரிசை பெரும்பாலும் இதேதான்.

தோக்கியோவில் இரவு பதினொரு மணிக்கும் சாப்பாடு கிடைக்கும், ரயில் ஓடும். மலைக்கிராமத்தில் கடைகள் மாலை ஐந்து மணிக்கு மூடிவிடும், விடுதியில் இரவுச் சாப்பாடு ஆறு மணிக்கு. புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டியதை அங்கே போய்ச் சொல்வார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் பாதி, கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள்.

1. முன்பணம் கட்டுமுன் ஐந்து கேள்விகள்

விளம்பரத்தில் படங்கள் நன்றாகத்தான் இருக்கும். நாள்வாரித் திட்டத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு இவற்றைக் கேளுங்கள்.

ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை கிலோமீட்டர் நடை, அதில் எவ்வளவு ஏற்றம்? "எளிதான நடை" என்ற சொல்லை நம்பாதீர்கள். எட்டு கிலோமீட்டர் சமதளமும், எட்டு கிலோமீட்டர் மலைப்பாதையும் முழங்காலுக்கு வேறு வேறு கணக்கு.

ஊர்விட்டு ஊர் போவது தனி பஸ்ஸிலா, பொதுப் போக்குவரத்திலா? பொதுப் போக்குவரத்து என்றால் பையை நீங்களே தூக்கிப் படியேற வேண்டும். தனி பஸ் என்றால் விலை கூடும், பெரிய பெட்டி சிக்கல் இருக்காது.

அறையில் குளியலறையும் கழிப்பறையும் உண்டா? மின்ஷுகு என்பது குடும்பம் நடத்தும் சிறு விடுதி. அங்கே இரண்டும் பெரும்பாலும் பொதுவாகத்தான் இருக்கும், அறைகளை மெல்லிய சறுக்குக் கதவுகள்தான் பிரிக்கும். ரியோகான் சற்று உயர்ந்த ரகம், ஆனால் எல்லா ரியோகானிலும் தனிக் குளியலறை இருக்காது. தனியாக வருகிறவர்கள், முன்பின் தெரியாதவருடன் அறையைப் பகிர வேண்டுமா, தனி அறைக்குக் கூடுதல் கட்டணம் எவ்வளவு என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

எந்தெந்தச் சாப்பாடு கட்டணத்தில் சேரும்? விடுதியில் இரவும் காலையும் வழக்கமாகச் சேர்ந்திருக்கும், மதியச் சாப்பாடு பெரும்பாலும் உங்கள் கையிலிருந்து.

கைடு யார்? 2018 ஜனவரியிலிருந்து ஜப்பானில் அரசுத் தேர்வு எழுதாதவர்களும் கட்டணம் வாங்கிக்கொண்டு வழிகாட்டலாம். உரிமம் இல்லை என்பதாலேயே கைடு மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஜப்பானிய மொழியில் விடுதியுடன் போனில் பேசக்கூடியவரா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். ஊரிலிருந்து கூடவே வரும் டூர் மேனேஜர் மட்டும் போதாது.

இந்தியாவில் புக் செய்தால், வெளிநாட்டு டூர் கட்டணத்தோடு நிறுவனம் வசூலிக்கும் டி.சி.எஸ். வரியையும் சேர்த்துச் சொன்ன விலையா என்று கேளுங்கள். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், கையிலிருந்து போவது இப்போதுதான்.

2. தேதி

ஏப்ரல் கடைசி வாரம் முதல் மே 5 வரையிலான கோல்டன் வீக், ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன், புத்தாண்டு வாரம் இந்த மூன்றையும் தவிருங்கள். ஜப்பானியர்களே மொத்தமாகக் கிளம்பும் நாட்கள் அவை.

ஜூன் முதல் ஜூலை நடுப்பகுதி வரை மழைக்காலம், கல் பாவிய பழைய பாதைகள் வழுக்கும். தகயாமா திருவிழா ஏப்ரல் 14, 15, அக்டோபர் 9, 10 தேதிகளில். அதைப் பார்க்க வேண்டுமானால் பல மாதங்களுக்கு முன்பே இடம் பிடிக்க வேண்டும். வேண்டாம் என்றால் அந்த நாட்களில் அந்த ஊர்ப்பக்கமே போகாமல் இருப்பது நல்லது. கிசோவில் இலை சிவக்கும் பருவம் அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை. நடப்பதற்கு எங்கள் தேர்வு அதுதான். அக்டோபர் தொடக்கத்தில் புயல் வர வாய்ப்பு உண்டு, திட்டத்தில் ஒரு நாள் தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள்.

3. சாப்பாட்டு விவரம்: புக் செய்த அன்றே எழுதிக் கொடுங்கள்

இதுதான் நம்மவர்கள் அதிகம் சறுக்கும் படி. "வெஜிடேரியன்" என்று படிவத்தில் ஒரு சொல் எழுதிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள்.

ஜப்பானியச் சமையலுக்கு அடிப்படை தாஷி என்ற சாறு. பெரும்பாலும் அது கட்சுவோபுஷி எனப்படும் காய்ந்த மீன் சீவலிலோ, சின்னக் கருவாட்டிலோ எடுத்தது. மிசோ சூப், சோபா நூடுல்ஸ் தொட்டுக்கொள்ளும் சாறு, வேகவைத்த காய், சில ஊறுகாய்கள், முட்டைச் சுருள் எல்லாவற்றிலும் அது இருக்கும். மீன் துண்டு கண்ணில் படாது. சமைத்தவரும் அதை மீன் என்றே நினைக்க மாட்டார்.

"நிகு", அதாவது இறைச்சி, சாப்பிட மாட்டேன் என்று சொன்னாலும் போதாது. கேட்பவர் மாடும் பன்றியும் மட்டும் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளலாம், கோழி வந்து சேரும். ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்: கியூநிகு மாடு, புதாநிகு பன்றி, தோரிநிகு கோழி, சகானா மீன், எபி இறால், தமாகோ முட்டை. தகயாமா பகுதி ஹிடா மாட்டிறைச்சிக்குப் பேர்போனது, அங்கே விடுதி விருந்தில் தானாகவே அது இடம்பெறும். கோழியும் மீனும் சாப்பிடுகிற ஆனால் மாடு சாப்பிடாதவர்களும் இதை எழுதிக் கொடுக்க வேண்டும்.

எழுதும்போது மூன்று அடுக்காக எழுதுங்கள். முதலில், எந்தெந்த இறைச்சியும் மீனும் வேண்டாம். அடுத்து, முட்டை, பால் பரவாயில்லையா. கடைசியாக, மீன் தாஷி கலந்த குழம்பு பரவாயில்லையா, கூடவே கூடாதா. மூன்றாவதற்கு நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். "தாஷி பரவாயில்லை" என்றால் ஏறக்குறைய எல்லா விடுதியும் சமாளித்துவிடும். "கூடவே கூடாது" என்றால் சில சின்ன மின்ஷுகுகள் முடியாது என்று சொல்லிவிடும். அந்த மறுப்பு இரண்டு மாதத்துக்கு முன்பே வந்தால் விடுதியை மாற்றலாம். வாசலில் போய் நின்ற பிறகு வந்தால் வெறும் சோறும் ஊறுகாயும்தான்.

ஒவ்வாமை என்று பொய் சொல்லிச் சாதிக்கப் பார்க்காதீர்கள். ஒவ்வாமை என்றால் பாத்திரம், எண்ணெய் வரை தனியாக வைக்க வேண்டும் என்று சமையலறை பயப்படும், மொத்தச் சாப்பாட்டையும் மறுக்கக்கூடும்.

இதே விவரத்தை ஜப்பானிய மொழியில் ஒரு அட்டையில் அச்சிட்டுத் தரும்படி டூர் நிறுவனத்தைக் கேளுங்கள். மதியக் கடைகளில் அதுதான் உதவும். காய்கறி டெம்புராவும் இறால் பொரித்த அதே எண்ணெயில்தான் பொரியும் என்பதை நினைவில் வையுங்கள்.

கண்டிப்பான சைவர்கள், திட்டத்தில் ஒரு கோயில் விடுதி இருக்கிறதா என்று பார்க்கலாம். கோயாசான் மலையில் ஷுகுபோ எனும் மடங்களில் ஷோஜின் ரியோரி என்ற பௌத்த மடத்துச் சமையல் கிடைக்கும். கொம்பு எனப்படும் கடற்பாசியும் ஷீட்டாகே காளானும் சேர்த்த சாறு, வெங்காயம் பூண்டுகூட இல்லை. விடியற்காலை வழிபாட்டில் கலந்துகொள்ளலாம்.

4. விசா, மருந்து, ஊரிலிருந்து கட்டிக்கொண்டு போவது

விசாவுக்கு நாள்வாரித் திட்டமும் விடுதிப் பட்டியலும் வேண்டும், இரண்டையும் டூர் நிறுவனமே தரும். பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே டிக்கெட், விடுதி, விசா எல்லாவற்றிலும் இருக்கட்டும். நம்மில் பலருக்குக் குடும்பப்பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஒரு படிவத்தில் அப்பா பெயர் முன்னும் இன்னொன்றில் பின்னும் போனால், பின்னால் சொல்லப்போகும் பெட்டி அனுப்பும் வேலையில்கூடக் குழப்பம் வரும். கிளம்புமுன் விசிட் ஜப்பான் வெப் தளத்தில் விவரம் பதிந்து க்யூ.ஆர். கோடு எடுத்து வைத்தால் விமான நிலையத்தில் நேரம் மிச்சம்.

டாக்டர் எழுதிய மருந்து ஒரு மாத அளவு வரை தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோகலாம், சீட்டும் கூட இருக்கட்டும். சளி மாத்திரைகளின் அட்டையைப் படியுங்கள். சூடோஎஃபெட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் அங்கே தடை. ஆம்ஃபெட்டமைன் வகை மருந்துகளுக்கு டாக்டர் சீட்டு இருந்தாலும் அனுமதி இல்லை.

இறைச்சி எந்த வடிவிலும் கூடாது. பழம், பச்சைமிளகாய், கறிவேப்பிலையும் கூடாது. இட்லிப்பொடி, பருப்புப்பொடி, வெந்நீர் ஊற்றினால் தயாராகும் உப்புமா பாக்கெட் இவை போதும். அறையில் சூடான தண்ணீர் இருக்கும். எலெக்ட்ரிக் குக்கர் கொண்டுபோய் அறையில் சமைப்பது வேண்டாம். அங்கே மின்சாரம் 100 வோல்ட், நம்மூர் குக்கர் சரியாக வேலை செய்யாது. அதோடு பெருங்காய வாசனை கோரைப்பாயில் ஏறிவிட்டால் லேசில் போகாது, விடுதிக்காரர் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார். போன் சார்ஜருக்கு இரண்டு தட்டைக் கம்பி உள்ள அடாப்டர் வேண்டும்.

5. பெட்டி இரண்டு, செருப்பு அல்ல ஷூ

ஒரு நடுத்தர சூட்கேஸ், ஒரு முதுகுப்பை. முதுகுப்பையில் இரண்டு இரவுக்குத் தேவையானது மட்டும்: மாற்றுடை, மருந்து, பாஸ்போர்ட், சார்ஜர், மழைக்கோட்டு. வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

பிடிமானமுள்ள, ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூவாக இருக்கட்டும். ஒரு நாளைக்குப் பத்து முறையாவது கழற்றி மாட்ட வேண்டியிருக்கும், எனவே கணுக்காலுக்கு மேல் ஏறும் கயிற்று பூட்ஸ் தொல்லை. ஓட்டை இல்லாத சாக்ஸ் நாலைந்து ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். ஷூவைக் கழற்றிய பிறகு எல்லோர் கண்ணிலும் படுவது அதுதான்.

சூட்கேஸின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டுங்கள். 160 செ.மீ. தாண்டினால் தோகாய்தோ ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் பெட்டிக்கான இடத்துடன் சேர்ந்த இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். செய்யாமல் ஏறினால் 1,000 யென் கட்ட நேரும். சின்னப் பெட்டி எடுத்துப் போவதே எளிது.

6. பணம்

நகரத்தில் கார்டு போதும், மலையில் போதாது. சின்ன விடுதி, தேநீர்க்கடை, பஸ் மூன்றிலும் ரொக்கம் கேட்பார்கள். நகோயாவிலேயே செவன் லெவன் கடையிலோ தபால் நிலையத்திலோ உள்ள ஏ.டி.எம்.மில் எடுத்துவிடுங்கள். ஒருவருக்கு 30,000 யென் கையில் இருந்தால் மலையில் மூன்று நாள் கவலையில்லை. அதில் பத்துப் பன்னிரண்டு நோட்டுகள் 1,000 யென்னாக இருக்கட்டும். 2024 ஜூலையில் புதிய நோட்டுகள் வந்தன, பழைய இயந்திரங்கள் சில அவற்றை ஏற்காது. எனவே 100 யென் நாணயங்களைச் செலவழித்துத் தீர்த்துவிடாதீர்கள்.

உணவகத்திலும் விடுதியிலும் டிப்ஸ் கிடையாது. வற்புறுத்திக் கொடுத்தால் பின்னாலேயே ஓடிவந்து திருப்பித் தருவார்கள்.

7. பெட்டியை முன்னால் அனுப்புதல்

இந்தச் சேவைக்குத் தக்யூபின் என்று பெயர். கருப்புப் பூனைச் சின்னம் போட்ட வண்டிகள் யமாதோ நிறுவனத்துடையவை. இது புரிந்துவிட்டால் பயணத்தின் பாதிச் சுமை இறங்கிவிடும். மகோமேயின் தெரு கல் பாவிய செங்குத்தான ஏற்றம், சக்கரப் பெட்டியை அதில் இழுத்துப் பார்த்தவர்கள் மறுநாளே மனம் மாறுவார்கள்.

நகோயா விடுதியிலிருந்து சூட்கேஸை நேராகத் தகயாமாவுக்கு அனுப்புங்கள். நடுவில் சுமாகோவில் தங்கும் இரவுக்கு முதுகுப்பை போதும். பெட்டி வழக்கமாக மறுநாள் போய்ச் சேரும், நீங்கள் போவது அதற்கடுத்த நாள் என்றால் அந்தத் தேதியைக் குறித்தே அனுப்பலாம்.

வரிசை இது. முந்தைய இரவே விடுதி வரவேற்பில் அனுப்புச் சீட்டு வாங்குங்கள், காலையில் கூட்டம் இருக்கும். சீட்டில் போய்ச் சேரும் விடுதியின் பெயர், முகவரி, தொலைபேசி எண், நீங்கள் அங்கே தங்கப்போகும் தேதி, எந்தப் பெயரில் அறை பதிவாகியிருக்கிறதோ அந்தப் பெயர் இத்தனையும் வேண்டும். குரூப் டூரில் அறைகள் பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரில் இருக்கும். உங்கள் பெயரை மட்டும் எழுதினால் "அப்படி யாரும் இல்லையே" என்று பெட்டி வரவேற்பறையிலேயே கிடக்கும். இரண்டு பெயரையும் எழுதுங்கள்.

பாஸ்போர்ட், பணம், மருந்து, பவர்பேங்க் ஆகியவற்றை வெளியே எடுத்த பிறகு எடையும் அளவும் பார்ப்பார்கள். கட்டணம் மூன்று பக்கக் கூட்டலையும் தூரத்தையும் பொறுத்தது. சாதாரண சூட்கேஸுக்கு 2,000 முதல் 3,000 யென் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிரதியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், தேடும் எண் அதில்தான் இருக்கிறது.

பனிக்காலத்தில் சாலை மூடினால் தாமதமாகும். ஜனவரி, பிப்ரவரியில் ஒரு நாள் கூடுதலாகக் கணக்கிடுங்கள்.

8. ரயிலும் மலைப்பஸ்ஸும்

நகோயாவிலிருந்து ஷினானோ விரைவு ரயிலில் நகாட்சுகாவா ஏறக்குறைய 50 நிமிடம். ரயில் இடைநிலையங்களில் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்காது. குரூப்பாக இருக்கும்போது எல்லோரும் ஒரே வாசலில் மோதாமல், ரயில்பெட்டியின் இரண்டு வாசலிலும் பிரிந்து நிற்க வேண்டும். இறங்குவதற்கு முந்தைய நிலையம் தாண்டியதும் பையை எடுத்துத் தயாராகுங்கள். ஒருவர் இறங்காமல் போனால் மலைப்பாதையில் அடுத்த ரயிலுக்கு ஒரு மணிநேரம்கூட ஆகலாம், மொத்தக் குழுவின் நாளும் கெடும்.

நகாட்சுகாவாவிலிருந்து மகோமேக்குப் பஸ் அரைமணி நேரம். வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஜே.ஆர். ரயில் பாஸ் இதில் செல்லாது, பஸ் வேறு நிறுவனத்துடையது. இந்த வழித்தடத்துக்கு நாடு முழுவதற்குமான ஜே.ஆர். பாஸ் தேவையா என்றே யோசியுங்கள். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு ஏறியது. தோக்கியோ வரை போய்த் திரும்பாதவர்களுக்குப் பெரும்பாலும் நஷ்டம்.

கிராமத்து பஸ்ஸில் பின்வாசலில் ஏறுவது வழக்கம். ஏறியதும் எண் அச்சிட்ட சின்னச் சீட்டை இழுத்துக்கொள்ளுங்கள். முன்னால் உள்ள பலகையில் உங்கள் எண்ணுக்குக் கீழே கட்டணம் ஏறிக்கொண்டே போகும். இறங்கும்போது சீட்டையும் சரியான சில்லறையையும் டிரைவர் பக்கத்துப் பெட்டியில் போட வேண்டும். சில்லறை இல்லையென்றால் அதிலேயே இருக்கும் இயந்திரம் 1,000 யென்னை மாற்றித் தரும், 10,000 யென்னை மாற்றாது. கட்டணப் பெட்டியில் நேராக 1,000 யென்னைத் திணித்துவிட்டு மீதிக்கு நிற்பவர்களும் உண்டு. முதலில் மாற்று, பிறகு கட்டு.

9. மகோமேயிலிருந்து சுமாகோ: நடக்கும் நாள்

ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் மூன்று மணிநேரம். திசை முக்கியம். மகோமேயிலிருந்து கிளம்பினால் முதல் இரண்டரைக் கிலோமீட்டரில் சுமார் 200 மீட்டர் ஏற்றம், சுமார் 800 மீட்டர் உயரத்தில் கணவாய், அதன்பின் சுமாகோ வரை பெரும்பாலும் இறக்கம். எதிர்த்திசையில் வந்தால் ஏற்றம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. உங்கள் திட்டத்தில் சுமாகோவிலிருந்து தொடங்குவதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

காலை பத்து மணிக்குள் கிளம்பிவிடுங்கள். பதினொன்றுக்குப் பிறகு ஒருநாள் பயணிகள் கூட்டம் சேரும். கிளம்புமுன் கழிப்பறைக்குப் போய்வருவது, தண்ணீர் ஒரு லிட்டர், ஒரு குப்பைப்பை இந்த மூன்றையும் கைடு நினைவூட்டுவார். வழியில் குப்பைத்தொட்டி கிடையாது, மிட்டாய்க் காகிதம்கூட உங்களுடன் விடுதிவரை வரும். முதுகுப்பையும் கனம் என்றால், பருவகாலத்தில் மகோமே சுற்றுலா அலுவலகத்தில் காலையில் கொடுத்தால் மதியத்துக்குமேல் சுமாகோ அலுவலகத்தில் எடுத்துக்கொள்ளலாம். பனிக்காலத்தில் இந்தச் சேவை இல்லை.

பாதை நெடுகக் கம்பத்தில் மணிகள் தொங்கும். கரடிக்கு மனிதர் வருவதைத் தெரிவிப்பதற்கு அவை. ஒவ்வொரு மணியையும் அடித்துவிட்டுப் போங்கள். குழுவாகப் பேசிக்கொண்டே நடந்தால் கரடி ஒதுங்கிக்கொள்ளும். இலையுதிர் காலத்தில் அவை இரை தேடி அதிகம் திரியும், குழுவைவிட்டுத் தனியாக முன்னால் ஓடுவது அப்போது நல்லதல்ல.

பாதை தார்ச்சாலையைப் பலமுறை குறுக்கே கடக்கும். தனியே பிரிந்தவர்கள் வழி தவறுவது அங்கேதான். சாலையைக் கடந்ததும் எதிர்ப்பக்கத்தில் பாதைப் பலகை கண்ணில் படவில்லையென்றால் நின்றுவிடுங்கள், சாலையோடு இறங்கிப் போகாதீர்கள். கல் பாவிய இறக்கங்களில் மழை பெய்திருந்தால் ஓரத்து மண்ணில் கால் வையுங்கள், கல்லின் நடுவில் பாசி இருக்கும்.

கணவாய் தாண்டி ஒரு பழைய வீட்டில் உள்ளூர்த் தன்னார்வலர்கள் தேநீர் தருகிறார்கள். கட்டணம் இல்லை, உண்டியலில் கொஞ்சம் போடுவது முறை. மாலைவரை திறந்திருக்காது, காலையிலேயே கிளம்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வழியில் கோஹெய்மோச்சி கிடைத்தால் சாப்பிடுங்கள். பிசைந்த சோற்றைக் குச்சியில் பிடித்து, சோயாவோ மிசோவோ வால்நட் சேர்த்துப் பூசி, தணலில் வாட்டித் தருவார்கள். கண்டிப்பான சைவர்கள் பூச்சில் தாஷி உண்டா என்று அட்டையைக் காட்டிக் கேட்டுவிட்டு வாங்கலாம்.

எதிரில் வருகிறவர்களுக்கு "கொன்னிச்சிவா" சொல்வது மலைப்பாதை மரியாதை. வழியோர வீடுகள் குடியிருப்பவர்களின் வீடுகள், முற்றத்தில் காயும் பெர்சிமன் பழத்தைத் தொட்டுப் படம் எடுக்காதீர்கள்.

10. விடுதியில் மாலை: நேரமும் செருப்பும்

ஐந்து மணிக்குள் போய்ச் சேருங்கள். தாமதமாகும் என்றால் கைடு போன் செய்தாக வேண்டும். சமையல் ஆறு மணியைக் குறிவைத்து நடக்கும், ஒவ்வொரு தட்டும் அந்த நேரத்துக்கு எடுத்து வைத்தது.

வாசலில் தரை இரண்டு மட்டமாக இருக்கும். கீழ்மட்டத்தில் ஷூவைக் கழற்றி, அந்தத் தரையில் சாக்ஸோடு கால் வைக்காமல் நேராக மேல்மட்டத்தில் ஏற வேண்டும். சொல்ல எளிது. ஷூவை ஓரமாக விட்டுவிட்டு அழுக்குத் தரையில் இரண்டடி நடந்து ஏறுவதுதான் பலரும் செய்வது. மேலே நின்றபடியே குனிந்து ஷூவை வாசலைப் பார்த்துத் திருப்பி வையுங்கள்.

உள்ளே மூன்று விதி. நடைபாதையில் விடுதிச் செருப்பு. கோரைப்பாய் விரித்த தாதாமி அறைக்குள் அதுவும் கூடாது, சாக்ஸ் அல்லது வெறுங்கால். கழிப்பறைக்குள் அங்கேயே இருக்கும் தனிச் செருப்பு. அந்தச் செருப்போடு சாப்பாட்டு அறைவரை வந்துவிடுவது புதியவர்களின் அடையாளம், யாராவது ஒருவர் செய்தே தீருவார். சூட்கேஸைத் தாதாமியின்மேல் உருட்டாதீர்கள், சித்திரம் தொங்கும் மாடத்தில் பையை வைக்காதீர்கள்.

விடுதி தரும் யுகாதா என்ற பருத்தி அங்கியை அணியும்போது வலப்பக்கத்தை முதலில் உடம்போடு சேர்த்து, அதன்மேல் இடப்பக்கம் வர வேண்டும். மாற்றிக் கட்டுவது இறந்தவர்களுக்கு.

சாப்பாட்டில் உங்கள் முன் சின்ன அடுப்பு இருந்தால் தொடாதீர்கள், பரிமாறுபவர் பற்றவைப்பார். எரிபொருள் கட்டி எரிந்து தானாக அணையும்போது பண்டம் வெந்திருக்கும். குச்சியைச் சோற்றில் நட்டு வைப்பது, ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்குப் பண்டம் மாற்றுவது இரண்டும் ஈமச்சடங்கோடு சேர்ந்தவை. குச்சி பழகாதவர்கள் கூச்சப்படாமல் ஸ்பூன் கேளுங்கள்.

ஒன்பது மணிக்குமேல் குரலைத் தாழ்த்துங்கள். நாம் சாதாரணமாகப் பேசுவதே பக்கத்து அறைக்கு முழுதாகக் கேட்கும்.

11. குளியல்

பொதுக் குளியலறையில் உடையில்லாமல்தான் இறங்க வேண்டும், நீச்சலுடைக்கு அனுமதி இல்லை. ஆண், பெண் தனித்தனி. வாசலில் தொங்கும் துணி பெரும்பாலும் ஆண்களுக்கு நீலம், பெண்களுக்குச் சிவப்பு. சில விடுதிகளில் இரவுக்கும் காலைக்கும் இடையே இரண்டையும் மாற்றிவிடுவார்கள். நேற்றிரவு போன கதவுதானே என்று காலையில் பார்க்காமல் நுழையாதீர்கள்.

தயக்கம் இருந்தால் வழி உண்டு. பல விடுதிகளில் குடும்பமாகப் பூட்டிக்கொண்டு குளிக்கும் தனித்தொட்டி 45 நிமிடக் கணக்கில் கிடைக்கும். வந்து இறங்கியதுமே நேரம் பதிந்துகொள்ளுங்கள், சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாம் நிரம்பிவிடும். பச்சை குத்தியிருப்பவர்களுக்கும் இதுவே நல்லது.

உடை மாற்றும் அறையில் எல்லாவற்றையும் கூடையில் வைத்துவிட்டுச் சின்னத் துண்டோடு மட்டும் உள்ளே போங்கள். முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுதாகக் குளித்து, நுரை துளியும் இல்லாமல் அலசுங்கள். நின்றுகொண்டு தண்ணீரை வாரி இறைத்தால் பக்கத்தில் இருப்பவர்மேல் தெறிக்கும். அதன்பிறகே தொட்டி. அது ஊறுவதற்கு, தேய்த்துக் குளிப்பதற்கல்ல, எல்லோரும் அதே தண்ணீரில்தான் இறங்குகிறார்கள். நீளமுடியை மேலே கட்டிக்கொள்ளுங்கள், துண்டைத் தண்ணீரில் முக்காமல் தலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் 40 முதல் 43 டிகிரி வரை இருக்கும். முதல்முறை ஐந்து நிமிடம் போதும். எழும்போது மெதுவாக எழுங்கள், சட்டென்று நின்று தலைசுற்றி விழுகிறவர்கள் உண்டு. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். மது அருந்திவிட்டு இறங்கவே கூடாது. வெளியேறுமுன் துண்டைப் பிழிந்து உடம்பைத் துடைத்துவிட்டு உடை மாற்றும் அறைக்குப் போங்கள், அந்தத் தரை ஈரமாகக் கூடாது.

12. தகயாமா, ஷிராகவாகோ

சுமாகோவிலிருந்து பஸ்ஸில் நகிசோ நிலையம் வந்து, ரயில் மாறித் தகயாமா போகலாம், தனி பஸ் இருந்தால் நேராக. நகோயா வழியாக ஹிடா ரயிலில் போனால் ஒரு வேடிக்கை. கிஃபுவில் ரயில் திசை மாறும், எனவே நகோயாவிலிருந்து முதல் இருபது நிமிடம் இருக்கைகள் பின்னோக்கி இருக்கும். திருப்ப வேண்டாம், அப்படியே உட்காருங்கள்.

தகயாமாவில் காலைச்சந்தை மதியத்துக்குள் முடிந்துவிடும். முதலில் சந்தை, பிறகு பழைய தெருக்கள்.

அங்கிருந்து ஷிராகவாகோ பஸ்ஸில் 50 நிமிடம். இருக்கைப் பதிவு இல்லாத பஸ்ஸும் உண்டு, பதிவு கட்டாயமான பஸ்ஸும் உண்டு, குழுவுக்குப் பதிவு செய்ததுதான் சரி. லாக்கர்கள் குறைவு, பெட்டியைத் தகயாமாவிலிருந்து கனசாவாவுக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். இறங்கியதும் முதலில் மேட்டிலுள்ள ஷிரோயாமா காட்சிமுனைக்குப் போங்கள், கூட்டம் சேர்வதற்குள் படம் எடுத்துவிடலாம். கூரையெல்லாம் புல், எனவே குறிப்பிட்ட இடம் தவிர வேறெங்கும் புகைக்கக் கூடாது. வயல்வரப்பில் இறங்கக் கூடாது. பனிக்கால இரவு விளக்கு நிகழ்ச்சிக்கு முன்பதிவு இல்லாமல் போக முடியாது.

13. கனசாவா, கியோத்தோ, வீடு திரும்பல்

கனசாவாவிலிருந்து கியோத்தோவுக்கு முன்பு நேர் ரயில் இருந்தது. 2024 மார்ச்சில் ஹொகுரிகு ஷின்கான்சென் சுருகாவரை நீண்டதால், இப்போது சுருகாவில் இறங்கித் தண்டர்பேர்ட் ரயிலுக்கு மாற வேண்டும். மாறும் நேரம் குறைவு. பழைய பயணக் குறிப்புகளைப் பார்த்துத் தூங்கிவிடாதீர்கள்.

கியோத்தோவிலிருந்து பெட்டியை விமான நிலையத்துக்கே அனுப்பலாம். ஆனால் விமானத்துக்கு இரண்டு நாளைக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும், புறப்படும் தேதி, நேரம், விமான எண் மூன்றையும் சீட்டில் எழுத வேண்டும். அது கிடைக்கும் கவுண்டர் எந்த முனையத்தில், எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதை கைடிடம் அன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். விடியற்காலை விமானம் என்றால் பெட்டியைக் கூடவே எடுத்துப் போங்கள், கவுண்டர் திறக்குமுன் செக்-இன் முடிந்துவிடும்.